யாராலும் தடுக்க முடியாத அரசன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக ஒரு மாயாஜாலக் கார்டு விளையாட்டை உருவாக்குவது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். மனா கணக்கை, அதாவது கார்டுகளை இறக்கச் செலவழிக்கும் சக்தியின் கணக்கை, அவ்வளவு எளிமையாக விளக்கிய கட்டுரையாளருக்கு ஒரு சபாஷ். ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த மாதிரி கார்டைப் பார்த்ததும் பேனாவை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ‘நிழல் அரசன். தாக்கு 7, தாங்கு 7. இவனை யாராலும் தடுக்க முடியாது.’ அதற்குக் கீழே ஓர் அறிவுரை வேறு: உங்கள் டெக்கின் (ஆடும் கார்டுக் கட்டின்) சிறந்த உயிரினத்துக்கு இப்படி ஒரு சக்தி கொடுங்கள், ஆட்டம் சூடுபிடிக்கும்.

சூடுபிடிக்காது, மூன்று அடியில் முடிந்துவிடும். கட்டுரை சொன்னபடியே ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. 7, 14, 21, அவ்வளவுதான். மந்திரக் கார்டுகள் அடுத்த பகுதியில்தான் வருமாம். அதுவரை எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் உயிரினங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திவைத்துக்கொண்டு, அரசன் அவற்றைத் தாண்டிப் போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளும் நானும் சேர்ந்து, வெள்ளை அட்டையை வெட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒரு கார்டு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். படம் வரைவது அவள் வேலை, எண்கள் என் வேலை. விதிகளுக்காக இருவரும் சண்டை போட்டுக்கொள்வோம். அந்தச் சண்டைகளில் பெரும்பகுதி, ஆட்டக்காரர்கள் ‘எவேஷன்’ என்று சொல்கிற, எதிராளி தடுக்காதபடி நழுவும் திறன்களைப் பற்றித்தான். அதனால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

முதலில், நழுவும் திறன் ஏன் தேவைப்படுகிறது? கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, 1993-ல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ கார்டு ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. தாக்குபவர் எதிராளியை நோக்கி உயிரினங்களை அனுப்புகிறார். அவற்றில் எதை, எந்த உயிரினத்தால் தடுப்பது என்று முடிவு செய்பவர் தற்காப்பவர். அதாவது மோதல் எப்படி அமையும் என்பது தற்காப்பவர் கையில் இருக்கிறது. இதனால் என்ன ஆகும் என்பதற்கு முதல் தொகுப்பிலேயே நல்ல உதாரணம் ‘கிரா வர்ம்’. ஆறு மனா கொடுத்தால் 6/4 அளவில் (தாக்கு 6, தாங்கு 4) ஒரு பிரம்மாண்டமான புழு. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் எதிராளி ஒரு 1/1 சுண்டெலியை முன்னால் தள்ளிவிட்டால் போதும், ஆறு புள்ளி டேமேஜும் அந்த எலியோடு போய்விடும். அடுத்த டர்னில் இன்னொரு எலி. இரண்டு பக்கமும் உயிரினங்கள் குவிந்துவிட்டால் தாக்கினவருக்குத்தான் நஷ்டம் என்ற நிலை வந்து, இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த முட்டுச்சந்திலிருந்து ஆட்டத்தை வெளியே இழுப்பதற்குத்தான் நழுவும் திறன். (எலியைத் தாண்டி மிச்ச டேமேஜ் எதிராளிக்குப் போகும் ‘டிராம்பிள்’ இதற்கு இன்னொரு மருந்து. ஆனால் அதில் தடுப்பது நடக்கவே செய்கிறது. அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

ஆகவே கட்டுரையாளர் நழுவும் திறனைப் பற்றிப் பேசியது சரி. அதைச் சிறந்த உயிரினத்துக்குச் சூட்டும் கிரீடமாக நினைத்ததில்தான் எனக்குச் சம்மதமில்லை. என் பார்வையில், நழுவும் திறன் என்பது தற்காப்பவரிடம் வைக்கப்படும் ஒரு நிபந்தனை. இன்னின்ன இருந்தால் என்னைத் தடுக்கலாம் என்று அது சொல்ல வேண்டும். அந்த ‘இன்னின்ன’ எவ்வளவு சுவாரசியமானதோ, அவ்வளவுதான் அந்தத் திறனும்.

பறப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-லிருந்து இன்றுவரை எந்தப் பெரிய மாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் விதி அது. பறக்கும் உயிரினத்தைப் பறப்பவையோ, ‘ரீச்’ (தான் பறக்காவிட்டாலும் பறப்பதைத் தடுக்கும் திறன்) உள்ளவையோதான் தடுக்க முடியும். விதியைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை, படத்தில் இறக்கை இருந்தால் போதும், புதிதாக ஆட வருபவருக்கும் பாதி புரிந்துவிடும். இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பறக்கும் உயிரினம் வீட்டில் இருந்தால் தரையில் வருபவற்றையும் தடுக்கலாம், வானில் வருபவற்றையும் தடுக்கலாம். ஆனால் தாக்கப் போய்விட்டால், பெரும்பாலும் எதிராளியின் அடுத்த டர்னில் தடுக்க நிற்க முடியாது. ஆகவே அதை வைத்திருப்பவர் ஒவ்வொரு டர்னிலும் யோசிக்க வேண்டும்: அனுப்புவதா, நிறுத்துவதா? ஐந்து மனாவுக்கு 4/4 அளவில் பறக்கும் ‘செரா ஏஞ்சல்’ தாக்கிய பிறகும் தடுக்க நிற்கும். அந்த ஒரு சலுகைக்காகவே அந்தக் காலத்தில் அதைக் கொண்டாடினார்கள். தாக்கியவை அடுத்த டர்னில் தடுக்க முடியாது என்ற விதி எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே தெரியும்.

அப்புறம் சிலந்தி. மேஜிக்கில் கார்டுகள் நிறவாரியாகப் பிரிந்திருக்கும். அதில் பச்சை நிறத்துக்குப் பறக்கும் உயிரினங்கள் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக நான்கு மனாவுக்கு 2/4 அளவில் ‘ஜயன்ட் ஸ்பைடர்’ கொடுத்தார்கள். பறப்பதைத் தடுக்கும், தான் பறக்காது. ‘பறப்பது போலத் தடுக்கலாம்’ என்று கார்டில் நீட்டி எழுதியிருந்ததற்கு 2007-ல்தான் ‘ரீச்’ என்று பெயர் வைத்தார்கள். சிலந்தியின் எண்களைக் கவனியுங்கள். தாங்கு 4, தாக்கு 2. மூன்று புள்ளி அடிக்கும் பறவை சிலந்தியைத் தாண்டாது, சிலந்தியும் அதைச் சுலபமாகக் கொல்லாது. வானத்தை மூடுகிறது, ஆட்டத்தை முடிப்பதில்லை. நழுவும் திறனுக்கு எதிர்மருந்து எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கார்டைத்தான் காட்டுவேன்.

இதற்கு நேர் எதிர், அதே 1993-ல் வந்த ‘லேண்ட்வாக்’. எதிராளியிடம் குறிப்பிட்ட வகை நிலம் இருந்தால் இந்த உயிரினத்தைத் தடுக்கவே முடியாது. சதுப்பு நிலம் இருந்தால் ‘பாக் ரெய்த்’ நழுவும், தீவு இருந்தால் கடல்வாசிகள் நழுவுவார்கள். கற்பனையாகப் பார்த்தால் அழகு. சதுப்பில் பிறந்த பேயை அதன் சொந்தச் சதுப்பில் யார் பிடிப்பது! ஆனால் மேசையில் என்ன நடக்கிறது? எதிராளி அந்த நிலத்துக்குரிய நிறத்தை ஆடினால் திறன் முழுமையாக வேலை செய்யும். ஆடவில்லையென்றால் அந்த வரி வெறும் மை. இரண்டுமே ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, டெக் கட்டும்போதே முடிவாகிவிட்ட விஷயங்கள். நிலம் இல்லாமல் மனா இல்லை, எனவே நிலத்தைக் கீழே வைக்காமலும் இருக்க முடியாது. ஆட்டத்துக்கு நடுவில் இருவருக்குமே அதில் செய்ய ஒன்றும் இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2009-ல் ‘ஸ்ப்ரெடிங் சீஸ்’ என்று ஒரு கார்டு வந்தது. எதிராளியின் நிலம் ஒன்றைத் தீவாக மாற்றும், கூடவே ஒரு கார்டையும் எடுக்க விடும். கடல்வாசி டெக் ஆடியவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எதிராளியிடம் தீவு இல்லையா? பரவாயில்லை, நாமே ஒன்றை உண்டாக்குவோம்! தூங்கிக்கொண்டிருந்த திறன் அங்கே விழித்துக்கொண்டது. இந்த டர்னில் தீவாக்குவதா, அடுத்த டர்னிலா, எந்த நிலத்தை என்றெல்லாம் முடிவெடுக்க வேண்டிவந்தது. ஆனால் ஒரு திறனை உயிர்ப்பிக்க இன்னொரு கார்டு தேவைப்படுகிறது என்றால் குறை அந்தத் திறனில்தான் இருக்கிறது. 2015-ல் வழக்கமாகப் பயன்படுத்தும் திறன்களின் பட்டியலிலிருந்து லேண்ட்வாக்கை எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது, அது இன்னும் பாடமானது. ஆரம்பத்திலிருந்தே ‘ஃபியர்’ என்று ஒரு சக்தி இருந்தது. கறுப்பு நிற உயிரினங்களும் இயந்திர உயிரினங்களும் தவிர வேறு எதுவும் தடுக்க முடியாது. 2002-ல் அதற்கு முறையான திறன் தகுதி கிடைத்தது. கறுப்பை மட்டும் தனியாகப் பேசுகிறதே என்று 2009-ல் ‘இன்டிமிடேட்’ வந்தது. உயிரினம் எந்த நிறமோ, அதே நிறத்தவையும் இயந்திரங்களும் தடுக்கலாம். பார்க்கப் பொதுவாகிவிட்டது, ஆனால் நோய் தீரவில்லை. எதிராளி அதே நிறம் ஆடுகிறாரா இல்லையா என்ற பழைய அதிர்ஷ்டக் கணக்குதான். 2015-ல் அதையும் ஒதுக்கிவிட்டு ‘மெனஸ்’ கொண்டுவந்தார்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தால்தான் தடுக்கலாம், அவ்வளவுதான். நிறம் எதுவானாலும் சரி. இந்த யோசனை புதிதும் அல்ல. 1994-லேயே ‘காப்ளின் வார் டிரம்ஸ்’ என்ற கார்டில் இதே விதி இருந்தது. பெயர்தான் இருபது ஆண்டு தாமதமாக வந்தது.

மெனஸ் எனக்குப் பிடிக்கக் காரணம், அது மேசையைப் பார்த்துப் பேசுகிறது. எதிராளியிடம் ஐந்து உயிரினம் இருந்தால் மெனஸ் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. இரண்டு இருந்தால், ‘இரண்டையும் இதற்கே செலவழிக்கிறாயா?’ என்று கேட்கும். ஒன்று மட்டும் இருந்தால் தடுக்கவே முடியாது. ஆகவே மெனஸ் வைத்திருப்பவருக்கு எதிராளியின் களத்தைக் காலி செய்ய ஒரு காரணம் கிடைக்கிறது. தற்காப்பவருக்கும் சின்னச் சின்ன உயிரினங்களை இறக்கிவைக்க ஒரு காரணம் கிடைக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஒற்றை எலியை முன்னால் தள்ளும் தந்திரம் இதனிடம் பலிக்காது, இரண்டு எலி வேண்டும்.

1997-ல் வந்த ‘ஷேடோ’ பற்றி என் அண்ணன் மகளுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. ஷேடோ உள்ளவற்றை ஷேடோ உள்ளவைதான் தடுக்க முடியும். ஷேடோ உள்ளவையும் தம்மைப் போன்றவற்றைத் தவிர வேறு எதையும் தடுக்க முடியாது. இந்தப் பின்பாதியில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது அவள் கட்சி. நழுவுகிறாய், சரி, ஆனால் காவலுக்கும் நீ உதவமாட்டாய், அதுதானே விலை என்கிறாள். விலை இருப்பது உண்மைதான். ஆனால் ஒருவர் ஷேடோவும் மற்றவர் சாதாரண உயிரினங்களும் ஆடினால், இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் அவரவர் பாதையில் ஓடுகிறார்கள். யார் முதலில் 20-ஐத் தொடுகிறார் என்ற ஓட்டப்பந்தயம் மட்டும் மிஞ்சுகிறது. கூட்டல் தெரிந்தால் போதும். எனக்குத் தொழிலே கூட்டல்தான் என்பதால், விளையாடும்போதாவது வேறு ஏதாவது செய்ய ஆசை.

‘ஹார்ஸ்மேன்ஷிப்’ பற்றி ஒரே ஒரு வார்த்தை. 1999-ல், பழைய சீனப் போர்க்களங்களை வைத்துச் செய்த தொகுப்பில் பறப்பதே கிடையாது, அதற்குப் பதிலாகக் குதிரை வீரர்கள். குதிரை வீரனைக் குதிரை வீரன்தான் தடுப்பான். அந்தத் தொகுப்புக்குள்ளே அது சரியாக ஓடியது. மற்ற தொகுப்புகளோடு கலந்தால், எதிரே குதிரையே இருக்காது, ‘தடுக்க முடியாது’ என்று எழுதியதற்குச் சமம். புதிதாக நழுவும் திறன் கண்டுபிடிப்பவர்கள் எல்லோரும், இதைத் தடுக்கக்கூடியவர்கள் எத்தனை கார்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். நாற்பது கார்டு உள்ள ஒரு விளையாட்டில் அதை எண்ணுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சரி, ‘தடுக்கவே முடியாது’ என்பதே கூடாதா? கூடும், எண்ணைச் சின்னதாக வைத்தால். மூன்று மனாவுக்கு 2/2 அளவில் ‘ஃபேன்டம் வாரியர்’ இருக்கிறது, தடுக்க முடியாதது. 20-ஐ இரண்டால் வகுங்கள், பத்து அடி. பத்து டர்னுக்குள் எதிராளி எத்தனையோ செய்யலாம். தாக்கு 4 என்றால் ஐந்து அடி, 7 என்றால் மூன்று. நழுவும் திறனுக்கு இத்தனை மனா என்று நிலையான விலை வைக்க முடியாது என்பது இதிலிருந்து புரியும். தாக்கு எண் ஏற ஏற, அதே வரி பல மடங்கு மதிப்புப் பெறுகிறது. 1/1-க்கு அது கிட்டத்தட்ட இலவசமாகவே கொடுக்கலாம், 7/7-க்கு எவ்வளவு வாங்கினாலும் போதாது.

சின்ன எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2011-ல் வந்த ‘இன்விசிபிள் ஸ்டாக்கர்’ இரண்டு மனாவுக்கு வெறும் 1/1. தடுக்க முடியாது. அதோடு, எதிராளியின் மந்திரங்கள் அதைக் குறிவைக்கவும் முடியாது. 1/1 தானே, இருபது அடி வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அதன் கையில் தாக்கு 3 கூட்டும் ஒரு வாளைக் கொடுத்துப் பாருங்கள், ஐந்தே அடி. தடுக்கவும் முடியாது, குறிவைத்துக் கொல்லவும் முடியாது. பாடத்திட்டத்திலேயே இல்லாத கேள்வியைத் தேர்வில் கேட்பது போலத்தான். மாணவர் படித்தாரா இல்லையா என்பதே அங்கே பொருட்டில்லை. ஆகவே உயிரினங்களுக்கு ஆயுதம் கொடுக்கும் கார்டுகள் உங்கள் தொடரில் பின்னால் வரப்போகிறதென்றால், கட்டுரையாளர் இப்போதே அதை மனதில் வைத்து எண்களைப் போட வேண்டும்.

2016-ன் ‘ஸ்கல்க்’ ஒரு நல்ல யோசனை. தன்னைவிடத் தாக்கு எண் அதிகமுள்ளவை தடுக்க முடியாது, பூதத்தின் கால்களுக்கிடையில் சுண்டெலி நுழைந்து போகிறது. ஆனால் எலியை வளர்த்தால் அது நழுவ முடியாமல் போகிறது. ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் உயிரினம் வளர்வதுதான் ஆசை. ஆசைக்கு எதிராக ஓடும் திறன் நிலைப்பது கஷ்டம்.

எங்கள் கார்டுகளில் சிலவற்றைச் சொல்கிறேன், கட்டுரையாளர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். ‘பனி நரி’: எதிராளி தன் முந்தைய டர்னில் இறக்கிய உயிரினம் இதைத் தடுக்க முடியாது. இதற்கு எதிர்மருந்து எந்தத் தனிக் கார்டும் இல்லை, ஒரு டர்ன் முன்கூட்டி யோசிப்பதுதான். அதனால் எல்லா டெக்கிடமும் பதில் இருக்கிறது. ‘கூச்ச வேதாளம்’ அண்ணன் மகளுடைய கண்டுபிடிப்பு. தனியாகத் தாக்கினால், எதிராளியின் களத்தில் தாக்கு எண் மிகப் பெரியதாக உள்ள உயிரினம் அதைத் தடுக்க முடியாது. இரண்டு உயிரினம் சம எண்ணில் முதலிடத்தில் இருந்தால் இரண்டுமே முடியாது என்று விதிப்பக்கத்தில் எழுதிவைத்தோம், இல்லாவிட்டால் அதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். மூன்றாவது, ‘கப்பம் கேட்கும் பூதம்’: இதைத் தடுக்க வேண்டுமானால் எதிராளி கையிலிருந்து ஒரு கார்டைக் கீழே போட வேண்டும். தொடக்கத்தில் கை நிறைய கார்டு இருக்கும்போது சுலபமாகத் தடுக்கலாம். கடைசியில் கை காலியானதும் பூதம் யாருக்கும் அடங்காது. அதனால் தாக்கு எண்ணை 3-க்கு மேல் விட நான் சம்மதிக்கவில்லை. 5 வேண்டும் என்று அவள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

நிழல் அரசனுக்கு இந்தப் பூதத்தின் விதியைக் கொடுத்து, தாக்கு எண்ணை 4 ஆக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அரசன் என்ற பெயருக்கும் கப்பம் பொருந்திப்போகும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தாது. 2014-ல் வந்த ‘ஹார்த்ஸ்டோன்’ ஆட்டத்தில் எதை அடிப்பது என்று தாக்குபவரே தேர்ந்தெடுக்கிறார். தற்காப்பவர் ‘டான்ட்’ உள்ள உயிரினத்தை வைத்தால்தான் வழி மறிக்க முடியும். அங்கே மறிப்பதுதான் தனித்திறன், நழுவுவது இயல்பு. ‘போக்கிமான்’ கார்டு ஆட்டத்தில் உயிரினத்தை இடையில் தள்ளித் தடுப்பதே கிடையாது. உங்கள் கட்டுரையாளர் தற்காப்பவர் தடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருப்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. ‘தடுக்க முடியாது’ என்ற சக்தியை ஆட்டத்தின் நடுவில் ஒரு மந்திரம் கொடுக்குமானால், அதை எப்போது போடலாம் என்று முதல் பகுதியில் எங்கும் சொல்லவில்லை. மேஜிக்கில் தடுப்பவர்களை அறிவித்த பிறகு பறக்கும் சக்தியைக் கொடுத்தால் பயனில்லை, தடுத்தது தடுத்ததுதான். அதேபோல யாரும் தடுக்காமல் விட்ட பிறகு சக்தியைப் பறித்தாலும் அடி விழுந்தே தீரும். அடுத்த பகுதியில் மந்திரக் கார்டுகள் வருவதால், இந்த வரிசையை விதிப்பக்கத்தில் தெளிவாகப் போட்டுவிட்டு மேலே போகும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்